ஒரே கவுண்டி, மூன்று ஓவர்டோஸ் கணக்கு: எதை வெளியிடுவது?

கேள்வி: அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஒரு கவுண்டியின் பொதுச் சுகாதாரத் துறையில் தரவு ஆய்வாளராகச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. அதற்கு முன்பு மென்பொருள் வேலையில் இருந்தேன். ஓபியாய்டு (ஹெராயின், ஃபெண்டனில் போன்றவை) ஓவர்டோஸ் நிலவரத்தைப் பொதுமக்கள் பார்க்கும்படி ஒரு டாஷ்போர்டு செய்யச் சொல்லியிருக்கிறார்கள். ஆம்புலன்ஸ் துறை ஒரு எண் தருகிறது, மருத்துவமனை எமர்ஜென்சி இன்னொன்று, சந்தேக மரணங்களை விசாரிக்கும் கொரோனர் அலுவலகம் மற்றொன்று. எதுவும் எதோடும் பொருந்தவில்லை. ஆம்புலன்ஸ் எண் இந்த ஆண்டு நன்றாகக் குறைந்திருப்பதால் அதையே தலைப்பில் போடச் சொல்கிறார் மேலதிகாரி. மரணக் கணக்கும் கடைசி மூன்று மாதங்களில் சரிந்திருக்கிறது. ஆனால் கொரோனர் அலுவலகத்தில் கேட்டால் "இன்னும் பல கேஸ் முடியவில்லை" என்கிறார்கள். நடந்த இடங்களை வரைபடத்தில் புள்ளியாகக் காட்ட வேண்டும், ஒரே நாளில் எண்ணிக்கை எகிறினால் மக்களுக்கு எச்சரிக்கை போக வேண்டும் என்றும் கேட்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

வணக்கம்.

ஆம்புலன்ஸ் எண்ணை விளக்கம் இல்லாமல் தலைப்பில் போட வேண்டாம். மற்ற எல்லாவற்றையும் பிறகு பார்க்கலாம், இதை மட்டும் இன்றே நிறுத்தி வையுங்கள். ஓவர்டோஸ் குறைந்ததால் அந்த எண் இறங்கியிருக்கலாம்; ஜனங்கள் ஆம்புலன்ஸைக் கூப்பிடாமல் தாங்களே சமாளித்துக்கொள்வதாலும் இறங்கியிருக்கலாம். எண்ணை மட்டும் பார்த்து இது எது என்று யாராலும் சொல்ல முடியாது.

அந்த எண் எதை எண்ணுகிறது என்று ஆம்புலன்ஸ் துறையில் கேட்டுப் பாருங்கள். பல ஊர்களில் அது "நலோக்சோன் (ஓபியாய்டு ஓவர்டோஸை முறிக்கும் மருந்து) கொடுத்த அழைப்புகள்" என்பதாகத்தான் இருக்கும். 2023 மார்ச்சில் 4 மில்லிகிராம் நலோக்சோன் மூக்கு ஸ்பிரேயை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்க அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி தந்தது. அதற்கு முன்பே தொண்டு அமைப்புகள் அதை இலவசமாகக் கொடுத்து வந்தன. இப்போது ஒருவர் மயங்கி விழுந்தால் பக்கத்தில் இருப்பவரே ஸ்பிரே அடித்துவிடுகிறார். மூச்சு திரும்புகிறது. போலீஸ் வருமோ என்ற பயத்தில் அவசர எண்ணான 911-ஐ அழைப்பதில்லை. உயிர் பிழைத்தது, நல்ல விஷயம். ஆனால் உங்கள் கணக்கில் அந்த ஓவர்டோஸ் நடக்கவே இல்லை. ஆம்புலன்ஸ் வந்தாலும், ஏற்கெனவே மூச்சு திரும்பியவருக்குப் பாராமெடிக் மறுபடி மருந்து கொடுக்க மாட்டார். அப்போதும் "நலோக்சோன் கொடுத்த அழைப்பு" பட்டியலில் அது வராது. வீடுகளுக்கு நலோக்சோன் எவ்வளவு அதிகம் போகிறதோ, அவ்வளவுக்கு இந்த எண் இறங்கும்.

எதிர்ப்பக்கமும் பிழை உண்டு. என்ன காரணம் என்று தெரியாமல் மயங்கிக் கிடப்பவருக்கு நலோக்சோன் கொடுத்துப் பார்ப்பது வழக்கம். அவருக்குச் சர்க்கரை இறங்கியிருக்கலாம், பக்கவாதம் வந்திருக்கலாம், வெறும் சாராய மயக்கமாகவும் இருக்கலாம். ஒரே ஆளுக்கு மூன்று டோஸ் கொடுத்தால் மூன்று வரியாகப் பதிவாகும். தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும் சேர்ந்து போனால் இரண்டும் தனித்தனி அறிக்கை எழுதும்.

ஆகவே ஆம்புலன்ஸ் தரவை இப்படி எடுங்கள். நாடு முழுக்க ஆம்புலன்ஸ் பதிவுகள் நெம்சிஸ் என்ற பொது வடிவத்தில் இருக்கின்றன. அதில் பாராமெடிக்கின் முதல், இரண்டாம் நிலைக் கணிப்பு, கொடுத்த மருந்து, அதன் பிறகு நிலை மேம்பட்டதா, மாறவில்லையா, மோசமானதா, அந்த மருந்து இந்த வண்டி வரும் முன்பே கொடுக்கப்பட்டதா என்று எல்லாவற்றுக்கும் தனித்தனி இடம் இருக்கிறது. கணிப்பில் ஓபியாய்டு ஓவர்டோஸ் என்று இருந்தாலோ, நலோக்சோனுக்குப் பின் நிலை "மேம்பட்டது" என்று இருந்தாலோ மட்டும் எண்ணுங்கள். வண்டி வரும் முன் வேறு யாராவது கொடுத்திருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் தனி நெடுவரிசையில். அந்த நெடுவரிசை ஏறுகிறதா என்று பார்த்தாலே உங்கள் சரிவு எந்த அளவுக்கு உண்மை என்று கொஞ்சம் பிடிபடும். இரட்டைப் பதிவை நீக்க அழைப்பு எண் போதும். அது இல்லாத இடத்தில் இடம், நேரம் (இரண்டு மணி நேரத்துக்குள்), வயது, பாலினம் நான்கும் ஒத்துப்போனால் ஒரே சம்பவம் என்று கொள்ளலாம். எந்த விதி வைத்தாலும் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு உங்கள் இடத்தில் வேறொருவர் இருப்பார்.

இனி எமர்ஜென்சி எண். இதுவே இரண்டு வழியாக வரும். முதல் வழி, நோயாளி உள்ளே வந்ததும் பதிவு மேசையில் எழுதும் புகார் வாசகம். ஓரிரு நாளில் உங்களுக்குக் கிடைத்துவிடும். ஆனால் அது மனிதர் அவசரத்தில் தட்டச்சு செய்தது. "ஓவர்டோஸ்" என்ற சொல்லைத் தேடினால் "ஓவர்டோஸ் இல்லை என்கிறார்" என்பதும் சேர்ந்து வரும். "நலோக்சோன்" என்று தேடினால் கிட் கேட்டு வந்தவரும் வருவார். தேடலில் விலக்கு வாசகங்கள் அவசியம். மாதம் ஒருமுறை நூறு பதிவுகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் எடுத்து, ஒவ்வொன்றையும் கண்ணால் படித்து, எத்தனை உண்மை என்று குறித்து வையுங்கள். சலிப்பான வேலைதான். அதைச் செய்யாத டாஷ்போர்டுகளில் எழுத்துப்பிழை மாறினால்கூட வரைகோடு மாறும்.

இரண்டாம் வழி, பில்லிங் குறியீடுகள், அதாவது மருத்துவமனை பில்லில் நோயைக் குறிக்கும் ஐசிடி-10 குறியீடுகள். வாரங்கள், சில சமயம் மாதங்கள் கழித்து வரும், ஆனால் ஒழுங்காக இருக்கும். எடுக்க வேண்டியவை டி40.0 (T40.0) முதல் டி40.4 வரை, பிறகு டி40.6. டி40.5 கோகெயின், அதைச் சேர்க்காதீர்கள். ஆறாம் இடத்தில் 1 என்றால் தற்செயல், 2 தற்கொலை முயற்சி, 3 தாக்குதல், 4 தீர்மானிக்க முடியாதது. 5 என்பது மருத்துவர் சொன்னபடி சாப்பிட்டும் வந்த பக்கவிளைவு, 6 என்பது சாப்பிட வேண்டியதைவிடக் குறைவாகச் சாப்பிட்டது. இந்த இரண்டையும் நீக்குங்கள். ஏழாம் இடத்தில் ஏ இருப்பது மட்டும் முதல் சிகிச்சை. மறுவருகையையும் பின்விளைவையும் எண்ணினால் ஒருவரே மூன்று முறை வருவார். எஃப்11 என்று தொடங்குபவை ஓபியாய்டு பழக்கத்தையும் அதை நிறுத்தும்போது வரும் நோவையும் குறிப்பவை. அவற்றை ஓவர்டோஸில் கலப்பது அடிக்கடி பார்க்கிற பிழை.

மென்பொருள் பக்கமிருந்து வந்தவர் என்பதால் ஒரு குழியை இங்கேயே காட்டிவிடுகிறேன். 2020 அக்டோபர் 1 வரை ஃபெண்டனில் உள்ளிட்ட செயற்கை ஓபியாய்டுகளுக்கு எமர்ஜென்சி குறியீடு டி40.4எக்ஸ்1ஏ போல இருந்தது. அன்று முதல் அதை மூன்றாகப் பிரித்தார்கள்: டி40.41 ஃபெண்டனில், டி40.42 டிராமடால், டி40.49 மற்றவை. முன்பு யாரோ எழுதி வைத்த தேடல் வரியில் "டி40.4எக்ஸ்" என்று இருந்தால், அந்தத் தேதியோடு ஃபெண்டனில் கேஸ்கள் கணக்கிலிருந்து மாயமாகிவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. அழகான ஒரு சரிவுதான் திரையில் தெரியும். பழைய தேடல் வரிகளை முதல் வேலையாகத் திறந்து பாருங்கள்.

மரணக் கணக்குக்கு வருவோம். இங்கே குறியீடு இரண்டு அடுக்கு. அடிப்படைக் காரணம் எக்ஸ்40 முதல் எக்ஸ்44 (தற்செயல்), எக்ஸ்60 முதல் எக்ஸ்64 (தற்கொலை), எக்ஸ்85 (கொலை), ஒய்10 முதல் ஒய்14 (தீர்மானிக்க முடியாதது) ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் அது போதைப்பொருள் ஓவர்டோஸ் மரணம். அவற்றுக்குள், கூடவே எழுதிய காரணங்களில் மேலே சொன்ன டி40 குறியீடுகளில் ஏதேனும் இருந்தால் ஓபியாய்டு மரணம். மரணச் சான்றிதழில் இன்னும் பழைய நான்கு எழுத்துக் குறியீடுதான், மூன்றாகப் பிரித்தது அதில் கிடையாது. அதில் டி40.4 என்பது ஃபெண்டனில் மட்டுமில்லை, டிராமடாலும் அதில் அடக்கம். "ஃபெண்டனில் மரணங்கள்" என்று தலைப்பிட வேண்டுமானால் சான்றிதழின் வாசகத்தையோ டாக்ஸிகாலஜி (உடலில் என்ன பொருள் இருந்தது என்ற ஆய்வு) அறிக்கையையோ படித்துத்தான் தலைப்பிட வேண்டும்.

கொரோனரின் பேனா எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு உதாரணம் போதும். ஹெராயின் உடலுக்குள் போனதும் சில நிமிடங்களில் 6-எம்ஏஎம் என்ற பொருளாகி, பிறகு மார்ஃபினாக மாறிவிடும். 6-எம்ஏஎம் விரைவில் மறைந்துபோகும். ரத்தத்தில் மார்ஃபின் மட்டும் தெரிய, கொரோனர் "மார்ஃபின் நச்சு" என்று எழுதினால் அது டி40.2, அதாவது மாத்திரை வகை ஓபியாய்டுகளோடு சேர்ந்துவிடும். கண்ணுக்குள் இருக்கும் திரவத்தில் 6-எம்ஏஎம் பார்த்தார்களா, உடலருகே என்ன கிடந்தது என்று சேர்த்துப் பார்த்து "ஹெராயின்" என்று எழுதினால் டி40.1. அதே மனிதர், அதே மரணம், இரண்டு வேறு வரைகோடு. "பலவகைப் போதைப்பொருள் நச்சு" என்று பெயர் எதுவும் சொல்லாமல் விட்டால் டி50.9 ஆகி, ஓபியாய்டு கணக்கிலேயே வராமல் போகும். 2014 வாக்கில் நாடு முழுவதும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு ஓவர்டோஸ் சான்றிதழில் பொருளின் பெயர் இல்லை. அதன்பின் நிலை வெகுவாக முன்னேறியிருக்கிறது. உங்கள் கவுண்டியில் எத்தனை சதவீதச் சான்றிதழ்களில் பெயர் இருக்கிறது என்று ஆண்டுவாரியாகப் பாருங்கள். அந்தச் சதவீதம் 75-லிருந்து 95-க்கு ஏறிய ஆண்டுகளில் "ஓபியாய்டு மரணம் அதிகரித்தது" என்று தெரிவதில் ஒரு பகுதி வெறும் பேனா மாற்றம். மாநில அளவிலேயே இந்தச் சதவீதம் 90-க்குக் கீழே இருந்தால் நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி அந்த மாநிலத்தின் பொருள்வாரி எண்களைத் தன் தற்காலிகக் கணக்கில் காட்டுவதில்லை.

கேட்காத கேள்விக்கும் பதில்: வட்ட விளக்கப்படம் போடாதீர்கள். ஒரே மரணத்தில் ஃபெண்டனிலும் மெத்தும் கோகெயினும் இருக்கலாம். அது மூன்று வகையிலும் எண்ணப்படும். வகைகளைக் கூட்டினால் மொத்தத்தைத் தாண்டும். வட்டமோ எல்லாம் சேர்ந்து நூறு என்று கண்ணுக்குப் பொய் சொல்லும். பட்டை விளக்கப்படம் போட்டு, "ஒரு மரணம் ஒன்றுக்கு மேற்பட்ட வகையில் வரலாம்" என்று கீழே ஒரு வரி எழுதினால் போதும்.

கடைசி மூன்று மாதச் சரிவு பற்றிக் கேட்டீர்கள். அது சரிவே இல்லாமல் இருக்க வாய்ப்பு மிக அதிகம். ஓவர்டோஸ் என்று சந்தேகப்படும் மரணத்தில் டாக்ஸிகாலஜி முடிவு வரப் பல வாரங்கள் ஆகும். அதுவரை சான்றிதழில் "விசாரணை நிலுவையில்" என்றிருக்கும், குறியீடு ஆர்99. உங்கள் தேடல் எக்ஸ்40-ஐத் தேடுகிறது, ஆர்99-ஐ அல்ல. ஆக அண்மை மாதங்கள் எப்போது பார்த்தாலும் குறைவாகத்தான் தெரியும். இந்த மாதம் பார்த்தால் இந்த மூன்று மாதம் குறைவு, அடுத்த மாதம் பார்த்தால் அடுத்த மூன்று மாதம். இந்தப் பொய்யான சரிவை நம்பி, தெருவில் இறங்கி உதவும் அவுட்ரீச் ஆட்களைக் குறைத்தால், நலோக்சோன் கொள்முதலைத் தள்ளிப்போட்டால், விலை கொடுப்பவர்கள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு வழி, முக்கோண அட்டவணை. ஒவ்வொரு வாரமும் தரவின் அன்றைய நகலைத் தேதியிட்டுச் சேமியுங்கள். பழையதை மேலெழுத வேண்டாம். பிறகு வரிசைகளில் மரணம் நடந்த மாதம், நெடுவரிசைகளில் "30 நாளில் தெரிந்தது, 60 நாளில், 90 நாளில், 120 நாளில், 180 நாளில்" என்று நிரப்புங்கள். ஒன்றரை ஆண்டு நகல்கள் சேர்ந்தால் உங்கள் அலுவலகத்தின் தாமதம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். உதாரணமாக, இறுதியில் 10 என்று முடிந்த மாதங்களில் 60 நாளில் சராசரி 5 தான் தெரிந்திருந்தது என்று வைத்துக்கொள்வோம். இப்போது 60 நாள் பழைய மாதம் ஒன்றில் 6 இருந்தால், அது 12-ஐ நோக்கிப் போகிறது. குறைவான மாதமாகத் தெரிவது உண்மையில் மோசமான மாதம். நகல் இன்னும் சேரவில்லையென்றால் எளிய வழி: கடைசி நான்கு மாதங்களைச் சாம்பல் நிறத்தில் காட்டுங்கள், கோட்டை அங்கே நிறுத்துங்கள், நிலுவையில் உள்ள சந்தேக மரணங்களின் எண்ணிக்கையைத் தனியாக எழுதுங்கள். சிடிசியும் நாட்டின் தற்காலிகக் கணக்கை நான்கு மாதத் தாமதத்தோடுதான் வெளியிடுகிறது. அதுவும் தனி மாதமாக அல்ல, அந்த மாதத்தோடு முடியும் 12 மாதக் கூட்டுத்தொகையாக. பதிவான எண் ஒன்று, நிறைவடையாததைச் சரிசெய்து மதிப்பிட்ட எண் ஒன்று என்று இரண்டையும் அருகருகே வைக்கிறது. அந்த முறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

மேலதிகாரிக்கு இதை எப்படிப் புரியவைப்பது என்று யோசிப்பீர்கள். நாட்டின் 2023 கணக்கைக் காட்டுங்கள். 2024 மே மாதம் சிடிசி வெளியிட்ட மதிப்பீடு 1,07,543 ஓவர்டோஸ் மரணங்கள். ஓராண்டு கழித்து, 2025 மே மாதம் 2024-ஓடு ஒப்பிடும்போது அதே 2023-க்குச் சொன்ன எண் 1,10,037. இறுதி மரணப் பதிவு அறிக்கையில் 2023-க்கு இருப்பது 1,05,007. ஒரே நிறுவனம், ஒரே ஆண்டு, மூன்று எண். யாரும் தவறு செய்யவில்லை. முதலிரண்டும் தற்காலிக மதிப்பீடு, நாட்டுக்குள் நடந்த மரணங்களை வெளிநாட்டவர் உட்பட எண்ணுபவை. கடைசியது நாட்டில் வசிப்பவர்களை மட்டும் எண்ணும் இறுதிக் கணக்கு. எந்த எண், எந்தத் தேதி, யாரைச் சேர்த்தது என்று சொல்லாமல் ஒன்றை மட்டும் எடுத்துப் போட்டால் ஒரு செய்தியாளர் இரண்டை ஒப்பிட்டு இல்லாத ஏற்றத்தையோ இறக்கத்தையோ எழுதிவிடுவார்.

வசிப்பிடமா, நடந்த இடமா என்ற கேள்வி கவுண்டியில் இன்னும் கூர்மையாக வரும். உங்கள் ஊரில் பெரிய மருத்துவமனை இருந்தால் பக்கத்துக் கவுண்டிக்காரர் ஹெலிகாப்டரில் வந்து உங்கள் ஊரில் இறப்பார். மக்கள்தொகைக்கு வீதம் கணக்கிட வசிப்பிடம்தான் சரி, ஏனென்றால் வகுக்கும் எண்ணும் அங்கே வசிப்பவர்கள்தான். நலோக்சோன் பெட்டி எங்கே மாட்டுவது என்று முடிவெடுக்க, மயங்கி விழுந்த இடம் வேண்டும். இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே படத்தில் கலக்க வேண்டாம்.

வரைபடம். புள்ளி வைக்கவே கூடாது. இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. ஒரு சின்ன ஊரில் புள்ளி என்றால் வீடு. அந்த வீட்டில் பிழைத்தவர் இன்னும் இருக்கிறார், அல்லது இறந்தவரின் அம்மா இருக்கிறார். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வார், பள்ளியில் பிள்ளையைப் பேசுவார்கள், அடுத்த முறை அந்தத் தெருவில் யாரும் 911-ஐ அழைக்க மாட்டார்கள். புள்ளியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டால் போதும் என்பார்கள். நகர்ந்த புள்ளி பக்கத்து வீட்டின் மேல் விழும், அவ்வளவுதான். பொதுமக்களுக்கு ஜிப் கோடு அல்லது அதைவிடப் பெரிய பகுதியாக நிறம் தீட்டுங்கள், பல ஆண்டுகளைச் சேர்த்து. ஓவர்டோஸ் நடந்த இடங்களைக் காட்டும் ஓடிமேப் திரையைப் படமெடுத்துப் போட்டுவிடலாமே என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். வாஷிங்டன்–பால்டிமோர் ஹைடா என்ற போதைக் கடத்தல் தடுப்பு அமைப்பு 2017-இல் தொடங்கிய அந்தக் கருவி பொதுப் பாதுகாப்பு, பொதுச் சுகாதாரத் துறைகளின் உள் உபயோகத்துக்கானது.

சின்ன எண்களை மறைப்பதில் சிடிசியின் வொண்டர் தளத்தின் வழக்கம் நல்ல முன்மாதிரி: 1 முதல் 9 வரை மரணங்கள் உள்ள கட்டத்தைக் காட்டுவதில்லை, 20-க்குக் குறைவான மரணங்களில் கணக்கிட்ட வீதத்தை நம்பகமற்றது என்று குறிக்கிறது. காரணம் அந்தரங்கம் மட்டுமில்லை. ஒரு பகுதியில் ஆண்டுக்கு 10 மரணம் என்றால், தற்செயல் ஏற்ற இறக்கத்தைக் கணக்கில் கொண்டால் அடியில் இருக்கும் அளவு ஏறத்தாழ 5 முதல் 18 வரை எதுவாகவும் இருக்கலாம். அடுத்த ஆண்டு 14 ஆனால் "40 சதவீதம் உயர்வு" என்று எழுதுவது காற்றில் கோடு போடுவது. மறைக்கும்போது கழித்தல் கணக்கையும் பாருங்கள். மொத்தம் 14, பெண்கள் 11 என்று காட்டி ஆண்கள் கட்டத்தை மட்டும் மறைத்தால், 3 என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். ஒன்றை மறைத்தால் இன்னொன்றையும் மறைக்க வேண்டும், அல்லது பிரிவையே எடுத்துவிட வேண்டும். போன மாதப் பக்கத்தையும் இந்த மாதப் பக்கத்தையும் கழித்துப் பார்த்தாலும் இதே ஓட்டை திறக்கும்.

போதை சிகிச்சை மையங்களின் பதிவுகளைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று யாராவது கேட்கக்கூடும். 42 சிஎஃப்ஆர் பகுதி 2 என்ற கூட்டாட்சி விதி அவற்றுக்குத் தனிக் காவல் போட்டிருக்கிறது. கவுண்டி வழக்கறிஞர் எழுத்தில் சம்மதம் தராமல் தொடாதீர்கள்.

எச்சரிக்கைக்கு வருகிறேன். ஓடிமேப்பின் வழக்கமான முறை, 24 மணி நேர எண்ணிக்கை சராசரியோடு இரண்டு திட்ட விலக்கத்தை (வழக்கமான ஏற்ற இறக்கத்தின் அளவு) கூட்டி வரும் எல்லையைத் தாண்டினால் மணி அடிப்பது. பெரிய நகரத்துக்குச் சரி. உங்கள் ஊரில் ஒரு நாளைக்குச் சராசரி 2 ஓவர்டோஸ் என்று வைத்துக்கொள்வோம். திட்ட விலக்கம் 1.4, எல்லை 4.8, அதாவது 5 வந்தால் மணி. எதுவுமே மாறாத சாதாரண ஆண்டில்கூட, வெறும் தற்செயலாக 5 அல்லது அதற்கு மேல் வரும் நாட்கள் சுமார் 19. மூன்று வாரத்துக்கு ஒரு பொய் எச்சரிக்கை. நான்காவது எச்சரிக்கையை யாரும் திறக்க மாட்டார்கள். எல்லையை 6 ஆக்கினால் ஆண்டுக்கு 6 நாள், 7 ஆக்கினால் இரண்டுக்கும் கீழே. இரண்டு எல்லை வையுங்கள் என்பது என் யோசனை. 5 வந்தால் உங்களுக்கும் ஆம்புலன்ஸ் கண்காணிப்பாளருக்கும் மட்டும் தகவல்: உட்கார்ந்து பதிவுகளைப் படியுங்கள், இரட்டைப் பதிவா, ஒரே வீட்டில் மூன்று பேரா, எமர்ஜென்சி செவிலியருக்கும் வித்தியாசம் தெரிகிறதா என்று போன் போட்டுக் கேளுங்கள். 7 வந்தாலோ, 5 வந்து எமர்ஜென்சியும் உறுதி செய்தாலோ வெளியே சொல்லுங்கள். எண்ணிக்கை எகிறாமலே சொல்ல வேண்டிய சமயமும் உண்டு: வழக்கத்தைவிட அதிக டோஸ் தேவைப்படுவது, மூச்சு திரும்பியும் ஆள் விழிக்காமல் கிடப்பது, மாத்திரை என்று வாங்கியவர்கள் சுருண்டு விழுவது.

முதலில் யாருக்குச் சொல்வது? ஊசி மாற்றும் மையம், அவுட்ரீச் பணியாளர்கள், தங்குமிடங்கள், விடுதலையானவர்களைச் சந்திக்கும் சிறை செவிலியர்கள். இவர்களுக்குச் செய்தி போய் ஒரு மணி நேரத்தில் தெருவுக்குப் போய்விடும். செய்தித்தாள் அடுத்த நாள்தான். வாசகம் சிறியதாக இருக்கட்டும்: எந்த நேரத்திலிருந்து எந்த நேரம், எந்தப் பகுதி (தெரு வேண்டாம்), என்ன வித்தியாசம், என்ன செய்ய வேண்டும். "தனியாக உபயோகிக்காதீர்கள், நலோக்சோன் கையில் இருக்கட்டும், 911-ஐ அழையுங்கள்." சைலசின், மெடிடோமிடின் போன்ற மயக்க மருந்துகள் கலந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் ஒரு வரி கூடுதலாக வேண்டும். அவை ஓபியாய்டு அல்ல. நலோக்சோன் அந்த மயக்கத்தைக் கலைக்காது. மூச்சு திரும்பியதா என்பதுதான் அளவுகோல். மூச்சு வந்தபின் விழிக்கவில்லையே என்று ஸ்பிரே மேல் ஸ்பிரே அடிக்கத் தேவையில்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும். மூச்சு வரவில்லையென்றால் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். பையின் நிறம், முத்திரை எதையும் போடாதீர்கள். அதே சரக்கு வேறு பையில் விற்கும்போது "இது அதில்லை" என்ற பொய் நிம்மதியைத்தான் அது கொடுக்கும்.

வேலையின் வரிசை இப்படி இருக்கட்டும். இந்த வாரம்: தரவின் முதல் நகலைச் சேமியுங்கள், பழைய தேடல் வரிகளைத் திறந்து பாருங்கள். அடுத்த இரண்டு வாரத்தில் கொரோனரின் புலனாய்வாளரோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள். கேட்க வேண்டியவை நான்கு: டாக்ஸிகாலஜி எந்த ஆய்வகத்துக்குப் போகிறது, சராசரி எத்தனை நாள், நைட்டசின் வகைகளையும் (இவையும் செயற்கை ஓபியாய்டுகள்) ஃபெண்டனிலின் புதிய உறவுகளையும் அவர்கள் தேடுகிறார்களா, இல்லை சாதாரண இம்யூனோஅஸே என்ற முதற்கட்டப் பரிசோதனை மட்டுமா (ஃபெண்டனில் கண்டுபிடிக்கும் இம்யூனோஅஸே நைட்டசினைப் பார்க்காது, தேடாத பொருள் கணக்கிலும் வராது), சான்றிதழில் எல்லாப் பொருளின் பெயரையும் எழுதுகிறார்களா. எழுதுவதில்லை என்றால் குறை சொல்லாமல் கேளுங்கள். அவர் மேசையில் குவிந்திருப்பதை ஒருமுறை பார்த்தால் உங்களுக்கே குறை சொல்லத் தோன்றாது. அதன் பிறகுதான் திரை வடிவமைப்பு.

திரையில் மூன்று எண்ணும் வரட்டும், மூன்று தனிப் பெட்டியில். ஒவ்வொன்றின் கீழும் எதை எண்ணியது, எந்தத் தேதிவரை, எந்தத் தேதியில் எடுத்தது என்று எழுதியிருக்கட்டும். மூன்றையும் கூட்டி ஒரே பெரிய எண்ணாக்க யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒருவரே மூன்று பெட்டியிலும் இருக்கிறார். எதையாவது திருத்தினால் என்றைக்கு, ஏன் திருத்தினீர்கள் என்று பக்கத்தின் அடியில் தேதியோடு இருக்கட்டும். "அடிமை", "போதைக்காரர்" போன்ற சொல் எங்கும் வேண்டாம். "ஓவர்டோஸால் இறந்தவர்கள்" போதும். எண்ணுக்கு மேலே, எண்ணைவிடப் பெரிய எழுத்தில், இலவச நலோக்சோன் எங்கே கிடைக்கும் என்பதை வையுங்கள். அந்தப் பக்கத்தை இரவு இரண்டு மணிக்குத் திறப்பவருக்கு வேண்டியது வரைபடம் இல்லை.

மேலதிகாரி தலைப்புக்கு ஒரு வரி கேட்பார். இதைக் கொடுங்கள்: "ஆம்புலன்ஸ் வந்து நலோக்சோன் கொடுத்த அழைப்புகள் கடந்த ஆண்டைவிடக் குறைவு, ஆம்புலன்ஸ் வரும் முன்பே மற்றவர்கள் கொடுத்த நலோக்சோன் இதில் சேரவில்லை. கடைசி நான்கு மாத மரணங்களில் பல இன்னும் விசாரணையில் உள்ளன. அந்த எண்கள் உயரும்."